யார் எதை விட்டுக்கொடுத்தார்கள்: டோக்கியோவிலிருந்து ஹிரோஷிமா வரை ஏழு நாள்

முதல் நாள்: ரியோகோகு, டோக்கியோ

ஜப்பான் போரில் தோற்று மீண்டதைப் பற்றி நம் பக்கம் எழுதப்படுவதெல்லாம் பெரும்பாலும் "சாம்பலிலிருந்து எழுந்த அதிசயம்" என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அந்த வரி எதையும் விளக்குவதில்லை. இந்த ஏழு நாளும் வேறொரு கேள்வியோடு நடக்கலாம். எழுந்து நிற்க யார் எதை விட்டுக்கொடுத்தார்கள்? நிலம், துணி, வங்கிப் பணம், முன்னோர் கல்லறை என்று விடை நீளும். ஒவ்வொன்றையும் போய்ப் பார்க்கவும் இடம் இருக்கிறது.

சோபு ரயிலில் ரியோகோகு நிலையத்தில் இறங்கி, சுமோ அரங்கைத் தாண்டி வடக்கே பத்து நிமிடம் நடந்தால் யொகோஅமிச்சோ பூங்கா. கட்டணம் கிடையாது. நடுவில் இருக்கும் நினைவு மண்டபம் 1930இல் கட்டப்பட்டது, அதுவும் வேறொரு பேரழிவுக்காக. 1923 நிலநடுக்கத்தின்போது இந்தத் திறந்த வெளிக்கு ஓடி வந்தவர்களில் சுமார் 38,000 பேர் நெருப்பில் மாண்டார்கள். 1945க்குப் பிறகு விமானத் தாக்குதலில் இறந்தவர்களின் சாம்பலும் இங்கேயே சேர்ந்தது. அவர்கள் மட்டும் சுமார் 1,05,000 பேர்.

அவர்களில் பெரும்பாலோர் 1945 மார்ச் 9 நள்ளிரவு தாண்டி, பத்தாம் தேதி அதிகாலைக்குள் இறந்தவர்கள். சுமார் 280 அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் தாழப் பறந்து எம்-69 எரிகுண்டுகளைக் கொட்டின. ஒரு குண்டின் எடை 2.7 கிலோதான். 38 குண்டுகளை ஒரு கட்டாகக் கட்டியிருப்பார்கள். கட்டு நடுவானில் பிரிந்து, ஒவ்வொன்றும் கூரையைத் துளைத்து உள்ளே விழுந்து, கூழாக்கிய பெட்ரோலை அறைக்குள் பீய்ச்சும். ஒட்டிய இடத்தில் எரியும். தண்ணீர் ஊற்றினால் அணையாது. 41 சதுர கிலோமீட்டர் எரிந்தது. பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள்.

மரவீடும் காற்றும் மட்டும் இத்தனை உயிரைக் கொள்ளவில்லை. 1941இல் திருத்தப்பட்ட வான்காப்புச் சட்டம், நகரை விட்டுப் போவதைத் தடை செய்யவும் தீயை அணைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் அரசுக்கு அதிகாரம் தந்தது. தெருவுக்குத் தெரு அண்டைவீட்டுக் குழுக்கள் வாளி வரிசையும் நனைத்த துடைப்பமுமாகப் பயிற்சி எடுத்திருந்தன. அந்தக் குண்டுக்கு எதிராக அது செல்லாது. ஆனாலும் ஓட வேண்டிய முதல் நிமிடங்களில் மக்கள் வாளியோடு நின்றார்கள்.

உடல்களை நகரத்துப் பூங்காக்களில் அவசரமாகப் புதைத்து, 1948 முதல் 1951 வரை தோண்டி எடுத்து எரித்து, இங்கே வைத்தார்கள். இறந்த படைவீரர் குடும்பங்களுக்கு 1952, 1953 சட்டங்கள் வழியாக அரசு உதவியும் ஓய்வூதியமும் வந்தன. தீயில் இறந்த பொதுமக்களின் குடும்பத்துக்கு அப்படி ஒரு சட்டம் வரவில்லை. அவர்கள் தொடுத்த வழக்கும் 2013இல் உச்சநீதிமன்றத்தில் தோற்றது.

அதே பூங்காவில், 1923 நிலநடுக்கத்தை ஒட்டிப் பரவிய வதந்தியால் கொல்லப்பட்ட கொரியர்களுக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. அதையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

இரண்டாம் நாள்: குடான்ஷிதா, உயெனோ

குடான்ஷிதா நிலையத்துக்கு மேலேயே ஷோவாகான் அருங்காட்சியகம். திங்கள் விடுமுறை. லிஃப்டில் நேரே ஏழாம் தளத்துக்குப் போய், போர்க்கால வாழ்க்கையைப் பார்த்துவிட்டு, ஆறாம் தளத்துக்கு இறங்கினால் போருக்குப் பிந்தைய வாழ்க்கை. இரண்டு மணி நேரமாவது வேண்டும்.

ஏழாம் தளத்தில் ஆயிரம் தையல் இடுப்புத்துணி. போருக்குப் போகிறவனுக்காக ஆயிரம் பெண்கள் ஆளுக்கொரு முடிச்சுப் போட்ட வெள்ளைத் துணி. புலி ஆண்டில் பிறந்த பெண் மட்டும் தன் வயதளவு முடிச்சுகள் போடலாம். சிலவற்றில் ஐந்து சென் நாணயத்தையும் (நூறு சென் ஒரு யென்) வைத்துத் தைத்தார்கள். ஜப்பானிய மொழியில் "நான்கு சென்" என்பதும் "சாவின் கோடு" என்பதும் ஒரே ஒலி. ஐந்து என்றால் அந்தக் கோட்டைத் தாண்டியாயிற்று.

தோல்விக்குப் பிறகு கதை அரிசியில்தான் தொடங்குகிறது. 1941இல் ஒரு பெரியவருக்கு நாளுக்கு 330 கிராம் அரிசி என்று பங்கீடு வைத்தார்கள். 1945 ஜூலையில் அது ஏறக்குறைய 300 கிராம். அதற்குள்ளேயே சர்க்கரைவள்ளி, சோயா, சோளம் எல்லாம் அரிசிக் கணக்கில் கழிந்தன. தாமதமாக வருவதற்கு "சிஹாய்", வராமலே போவதற்கு "கெப்பாய்" என்று தனித்தனிச் சொற்கள் வழக்கில் இருந்தன. ஆகவே கிமோனோவை மூட்டையில் கட்டி, ரயிலில் தொங்கிக்கொண்டு கிராமத்துக்குப் போய், விவசாயியிடம் மாற்றிக் கிழங்கு வாங்கி வந்தார்கள். திரும்பும் வழியில் போலீஸ் சோதனையில் சிக்கினால் அதுவும் போயிற்று. இதற்கு "மூங்கில் குருத்து வாழ்க்கை" என்று பெயர். குருத்தை உரிப்பதுபோல உடம்பிலிருந்து ஒவ்வோர் உடுப்பாக உரித்து விற்பது.

பங்கீட்டை மட்டும் உண்டு வாழ முடியாது என்பதற்கு ஒரு நீதிபதியே சாட்சி. யமகுச்சி யொஷிததா டோக்கியோவில் கள்ளச்சந்தை வழக்குகளை விசாரித்தவர். தண்டனை கொடுக்கும் கையால் அந்த அரிசியைத் தொடக்கூடாது என்று இருந்து, 1947 அக்டோபரில் 33 வயதில் பசியால் இறந்தார்.

அடுத்தது பணம். 1946 பிப்ரவரி 17 முதல் வங்கிக் கணக்குகள் முடங்கின. குடும்பத் தலைவருக்கு மாதம் 300 யென், மற்ற ஒவ்வொருவருக்கும் 100 யென் மட்டும் எடுக்கலாம். சம்பளத்தில் ரொக்கம் 500 யென் வரைதான். பழைய நோட்டு மார்ச் தொடக்கத்தோடு செல்லாது. புதிய நோட்டை வேண்டிய அளவு அச்சடிக்க முடியாததால், பழைய நோட்டில் தபால்தலை அளவுச் சீட்டை ஒட்டி "புதிய யென்" ஆக்கினார்கள். விலைவாசி சில மாதம் அடங்கிவிட்டு மறுபடி ஏறியது. சந்தையில் பொருளே இல்லாதபோது பணத்தைப் பூட்டி என்ன பயன்? சேமித்தவர்களின் பணம் முடங்கிய கணக்கிலேயே கரைந்தது. பணக்காரர்களும் தப்பவில்லை. அதே ஆண்டின் சொத்துவரி 25இல் தொடங்கி, உச்சத்தில் 90 சதவீதம்.

அந்த நாள்களின் வீட்டுப் பொருள்களில் தனியாகச் சொல்ல வேண்டியது மின்சார ரொட்டிப் பெட்டி. நான்கு பக்கமும் பலகை அடித்த சின்ன மரப்பெட்டி, எதிரெதிர்ச் சுவர்களில் ஒவ்வொரு தகரத் தகடு. தகடுகளில் வீட்டு மின்சாரத்தின் இரண்டு கம்பிகளையும் மாட்டி, நடுவே உப்பும் சோடாவும் கலந்த மாவை ஊற்றினால், மாவின் வழியாகவே மின்சாரம் ஓடி அதைச் சூடாக்கும். வெந்து ஈரம் வற்றியதும் மின்சாரம் தானாகக் குறைந்து நின்றுவிடும். தனியாக சுவிட்ச் வேண்டியதில்லை. ஓடும்போது மாவில் விரல் பட்டால் உயிருக்கே ஆபத்து. ஆயுதத் தொழிற்சாலைகள் மூடிக் கிடந்ததால் மின்சாரம் மிஞ்சியிருந்தது, விறகுக்குத்தான் பஞ்சம்.

பின்னாளில் சோனி ஆன நிறுவனம் செய்து பார்த்த மின்சார அரிசிப்பானையும் இதே தத்துவம்தான். மரத்தொட்டியின் அடியில் அலுமினியத் தகடுகள். அது தோற்றது. பங்கீட்டு அரிசி ஒருநாள் போல் ஒருநாள் இருக்காது, தண்ணீர் அளவும் வீட்டுக்கு வீடு மாறும். ஒரு நாள் குழைந்தது, ஒரு நாள் வேகவே இல்லை. கரைத்த மாவில் ஈரம் எங்கும் ஒரே சீராக இருக்கும், அரிசியில் அப்படி இருக்காது.

மாலையில் உயெனோ. நிலையத்தின் சுரங்கப்பாதையில்தான் வீடிழந்தவர்களும் அநாதைக் குழந்தைகளும் படுத்துக் கிடந்தார்கள். 1948 அரசுக் கணக்கெடுப்பில் பெற்றோரற்ற குழந்தைகள் 1,23,511 பேர். வெளியே வந்து தண்டவாளத்தை ஒட்டி ஒகாச்சிமாச்சி வரை நீளும் அமெயோகோ கடைத்தெரு அன்றைய கள்ளச்சந்தை. சர்க்கரை இல்லாத நாளில் கிழங்கு மிட்டாய் விற்றதாலும் (மிட்டாய்க்கு "அமெ"), அமெரிக்கப் படைப் பொருள்கள் கைமாறியதாலும் அந்தப் பெயர்.

பக்கத்திலேயே உயிரியல் பூங்கா. 1943இல், குண்டு விழுந்தால் விலங்குகள் தப்பிவிடும் என்று சொல்லி அவற்றைக் கொல்ல உத்தரவு வந்தது. மூன்று யானைகளைப் பட்டினி போட்டுக் கொன்றார்கள். போருக்குப் பின் டோக்கியோக் குழந்தைகள் கடிதம் எழுதிக் கேட்க, நேரு அனுப்பிய யானை 1949 செப்டம்பரில் இங்கே வந்து சேர்ந்தது. மைசூர் யானை. அதற்குத் தன் மகள் பெயரையே வைத்தார், இந்திரா. மறு ஆண்டு அது ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளைப் பார்த்தது. 1983 வரை வாழ்ந்தது.

மூன்றாம் நாள்: காமாகுரா

இன்று ஒரே ஒரு கல். காமாகுராவிலிருந்து எனோதென் ரயிலில் ஹசே இறங்கி, பெரிய புத்தர் இருக்கும் கொதொகுயின் கோயில். வளாகத்துக்குள்ளே ஜெ.ஆர். ஜெயவர்தனாவுக்கு 1991இல் வைத்த நினைவுக்கல் நிற்கிறது. 1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ அமைதி மாநாட்டில் இலங்கையின் நிதியமைச்சராக அவர் பேசினார். 1942இல் கொழும்பும் திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களால் தாக்கப்பட்டிருந்தும் நட்டஈடு வேண்டாம் என்றார். பகை பகையால் தணியாது, அன்பால்தான் தணியும் என்ற தம்மபத வரியைச் சொன்னார். இந்தியா அந்த மாநாட்டுக்குப் போகவில்லை. 1952 ஜூனில் தனி ஒப்பந்தம் போட்டு, அதுவும் நட்டஈட்டை விட்டுக்கொடுத்தது.

தமிழ் வாசகர் இந்தக் கல்லின் முன்னால் 1983 ஜூலையை நினைக்காமல் நிற்க முடியாது. அப்போது குடியரசுத் தலைவர் இதே மனிதர். கல்லில் இருப்பது உண்மை, நம் நினைவில் இருப்பதும் உண்மை.

நான்காம் நாள்: நகோயா

ஷின்யொகொஹாமாவிலிருந்து நொசோமி அதிவேக ரயிலில் சுமார் ஒன்றேகால் மணி நேரம். சுற்றுலாப் பயணிகள் அதிகம் இறங்காத ஊர். மறுகட்டுமானம் எப்படி நடந்தது என்று தெரிய வேண்டுமானால் முதலில் இங்கேதான் வர வேண்டும்.

ஹிசாயா பெருவீதியில் தொடங்குங்கள். நூறு மீட்டர் அகலம், நடுவே பூங்கா, 1954இல் எழுந்த 180 மீட்டர் தொலைக்காட்சிக் கோபுரம். தெற்கே இதைக் குறுக்கே வெட்டும் வகமியா பெருவீதியும் நூறு மீட்டர்தான். இரண்டும் சேர்ந்து நகரத்தை நான்காகக் கூறு போடுகின்றன. அடுத்த முறை தீப்பிடித்தால் ஒரு கூறோடு நிற்க வேண்டும் என்பதே கணக்கு.

தனியார் நிலத்தில் இவ்வளவு அகலம் எங்கிருந்து வந்தது? அரசிடம் விலைக்கு வாங்கப் பணமில்லை. "குகாகு செய்ரி" என்னும் நில மறுசீரமைப்பைக் கையாண்டார்கள். முதலில் எரிந்த பகுதி முழுவதையும் அளந்து, யார் பெயரில் எவ்வளவு என்று பதிவு செய்வார்கள். பிறகு பழைய சந்துகளை மறந்துவிட்டுப் புதிய வீதியும் பூங்காவும் வரைவார்கள். அதற்கு வேண்டிய நிலம் எல்லா மனைகளிலிருந்தும் ஒரு பங்காகக் கழியும். மிச்சத்தைப் பழைய இடத்துக்கு முடிந்தவரை அருகே, நேரான எல்லையோடு மாற்று மனையாகக் கொடுப்பார்கள். முதலில் தற்காலிக ஒதுக்கீடு, வீடுகளை நகர்த்துவது, கடைசியில் உறுதிப் பதிவு. யாருக்காவது மதிப்பு கூடவோ குறையவோ செய்திருந்தால் ரொக்கத்தில் நேர் செய்வது.

உதாரணத்துக்கு, ஒருவருக்கு நூறு ட்சுபோ மனை இருக்கிறது (ஒரு ட்சுபோ சுமார் 36 சதுர அடி). பதினைந்து ட்சுபோ வீதிக்குப் போய் எண்பத்தைந்து மிஞ்சும். 1946ஆம் ஆண்டுச் சிறப்பு நகரத் திட்டச் சட்டப்படி 15 சதவீதம் வரையான இழப்புக்கு நட்டஈடு கிடையாது. சந்துக்குள் இருந்த மனை அகலத் தெருவுக்கு முகம் காட்டும், ஆகவே மதிப்பில் இழப்பில்லை என்பது அரசின் வாதம். பெரிய மனைக்காரருக்கு அது சரி. இருபது ட்சுபோவில் கடையும் வீடும் வைத்திருந்தவருக்கு மூன்று ட்சுபோ போனால் படுக்கையறையே போயிற்று. புதிய அரசியலமைப்பு சொத்துரிமையைக் காத்ததால் 1949இல் இந்த விதியை மாற்ற வேண்டி வந்தது.

காலம்தான் இதில் பெரிய எதிரி. வரைபடம் முடிவதற்குள் எரிந்த தகரத்தைக் கொண்டு மக்கள் குடிசை போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு மாதத் தாமதமும் பின்னால் நகர்த்த வேண்டிய வீடுகளைக் கூட்டும். நகோயா முந்திக்கொண்டது. போர் முடிந்த சில மாதங்களிலேயே தபுச்சி ஜுரோ என்ற பொறியாளரிடம் பொறுப்பைக் கொடுத்து, மூவாயிரம் ஹெக்டேருக்கு மேல் திட்டத்துக்குள் கொண்டுவந்தது. டோக்கியோ தயங்கியது. 1949 சிக்கன நடவடிக்கையில் மத்திய நிதி குறைந்தபோது டோக்கியோவின் பெரிய திட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. அங்கே இடிபாட்டை அள்ளிப்போட இடமில்லாமல் கின்சாவின் கால்வாயையே தூர்த்தார்கள். நாடெங்கும் வரைந்த நூறு மீட்டர் வீதிகளில் உருவானவை நகோயாவில் இரண்டு, ஹிரோஷிமாவில் ஒன்று.

பிற்பகலில் கிழக்கு மேட்டில் இருக்கும் ஹெய்வா பூங்காவுக்குப் போக வேண்டும். நகர நடுவில் இருந்த இருநூற்றெழுபதுக்கும் மேற்பட்ட புத்தக் கோயில்களின் கல்லறைகள் மொத்தமும் இங்கே பெயர்த்துக் கொண்டுவரப்பட்டன. ஒன்றரை லட்சத்துக்கு மேல். கோயில் ஊருக்குள்ளேயே நின்றுவிட்டது, அதன் முன்னோர்கள் மட்டும் மேட்டுக்கு வந்தார்கள். கோயிலுக்குக் கோயில் தனிப் பகுதி, வரிசை வரிசையாகக் கற்கள், சில தோகுகாவா ஷோகுன்கள் ஆண்ட காலத்தவை (1603 முதல் 1868 வரை). கிராமத்தில் ஒரு சுடுகாட்டை நகர்த்தவே எத்தனை பஞ்சாயத்து வேண்டும் என்று நமக்குத் தெரியும். ஒரு நகரம் தன் பிணங்களை எல்லாம் இடம் மாற்றச் சம்மதித்தது. நூறு மீட்டர் வீதியைவிட இதுதான் பெரிய செய்தி.

ஐந்தாம் நாள்: மைசுரு

கியோத்தோவிலிருந்து விரைவு ரயிலில் ஹிகாஷி மைசுரு ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அங்கிருந்து பஸ்ஸில் போனால், போருக்குப் பின் வெளிநாடுகளிலிருந்து நாடு திரும்பியவர்களுக்கான நினைவு அருங்காட்சியகம். பஸ் குறைவு, திரும்பும் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

தோல்வியின்போது நாட்டுக்கு வெளியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியர்கள் இருந்தார்கள், பாதி படையினர், பாதி பொதுமக்கள். மைசுரு துறைமுகம் மட்டும் 1945 முதல் 1958 வரை சுமார் 6,60,000 பேரையும் 16,000 பேரின் அஸ்தியையும் வாங்கியது. வந்திறங்கியவர்களின் சட்டைக்குள் டிடிடி பொடி அடித்த பிறகே ஊருக்குள் விட்டார்கள்.

சோவியத் படையால் சைபீரிய முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்ட சுமார் ஆறு லட்சம் பேரில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் அங்கேயே இறந்தார்கள். கைதிகள் குச்சியும் கயிறும் கொண்டு தராசு செய்து கறுப்பு ரொட்டியை நிறுத்தார்கள், துண்டுக்குத் துண்டு ஒரு சிட்டிகைகூட மாறக்கூடாது என்று. கண்ணாடிக்குள் இருக்கும் பூர்ஜமரப் பட்டை ஏடு நிதானமாகப் பார்க்க வேண்டியது. காகிதமில்லாத முகாமில் ஒரு கைதி மரப்பட்டையை மெல்லிதாக உரித்து, தகர டப்பாவை வெட்டி முனை செய்து, கரியைத் தண்ணீரில் குழைத்து மையாக்கிச் சுமார் இருநூறு கவிதைகள் எழுதினார். நம் ஓலைச்சுவடியைப் பார்த்த கண்ணுக்கு அந்த வரிகளின் நெருக்கம் சட்டென்று பிடிபடும்.

இங்கே இல்லாததையும் நினைக்க வேண்டும். மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் பர்மா ரயில் பாதை போட ஜப்பானியப் படையால் பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அவர்களுக்கு வரவேற்புத் துறைமுகமும் கிடையாது, பெயர்ப் பதிவும் கிடையாது. இதே விரிகுடாவில் 1945 ஆகஸ்ட் 24 அன்று, கொரியத் தொழிலாளர்களை ஊருக்கு ஏற்றிச் சென்ற உகிஷிமா மாரு வெடித்து மூழ்கியது. அரசுக் கணக்கில் 549 பேர் மாண்டார்கள். கரையில் அவர்களுக்குச் சிலை இருக்கிறது.

ஆறாம் நாள்: ஹிரோஷிமா

அமைதி அருங்காட்சியகத்துக்குக் காலையில் கதவு திறக்கும் நேரத்திலேயே போய்விடுங்கள். கட்டணம் 200 யென். 1945 முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 1,40,000. உள்ளே இருப்பதை இங்கே விவரிக்கவில்லை, நேரில் பார்க்க வேண்டியது அது.

வெளியே வந்ததும் பலர் தவறவிடும் சின்னக் கட்டடம் ஒன்று: 2022இல் திறந்த அகழ்வுக் காட்சியகம், இலவசம். இந்தப் பூங்கா பிறவியிலேயே பூங்கா இல்லை. நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் குடியிருந்த நகாஜிமா என்னும் தெருக்கூட்டம். அதன்மேல் மண் கொட்டி மேடாக்கித்தான் பூங்கா போட்டார்கள். ஒரு மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் வீட்டின் தரை அப்படியே கிடக்கிறது. கரியான கோரைப்பாயின் விளிம்பு, பலகையின் ரேகை. கட்டடக் கலைஞர் கெஞ்சோ தாங்கே வடிவமைத்த புல்வெளியில் நடக்கிறவர்கள் யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தின்மேல் நடக்கிறார்கள்.

பழைய ஜப்பான் வங்கிக் கிளை குண்டு வெடித்த இடத்திலிருந்து 380 மீட்டர்தான். முதல் இரண்டு தளங்களின் இரும்புக் கதவுகள் மூடியிருந்ததால் உள்ளே தீ ஏறவில்லை. மூன்றாம் தளத்தில் திறந்திருந்தன, அங்கே எல்லாம் எரிந்தது. இரண்டே நாளில், ஆகஸ்ட் 8 அன்று, வங்கி திறந்தது. எரிந்துபோன மற்ற வங்கிகளும் இந்தக் கூடத்திலேயே ஆளுக்கொரு ஜன்னல் போட்டு உட்கார்ந்தன.

ஃபுகுரோமாச்சிப் பள்ளியின் மிச்சக் கட்டடத்தில் சுவரைப் பாருங்கள். காணாமற்போனவர்களைத் தேடி வந்தவர்கள், புகையில் கறுத்த சுவரில் சாக்குக்கட்டியால் பெயரெழுதிப் போனார்கள். பிறகு மேலே பூச்சு வந்தது. 1999இல் புதுப்பிக்கும் வேலையின்போது பூச்சை உரித்தால் எழுத்து வெளிப்பட்டது, வெள்ளையாக அல்ல, கறுப்பாக. சுவரைத் துடைத்தபோது மற்ற இடத்துக் கரி போய்விட்டது, சாக்குக்கட்டி மூடியிருந்த இடத்துக் கரி மட்டும் தங்கியிருந்தது.

ஏழாம் நாள்: ஹிரோஷிமா, மொதோமாச்சி

ஆகஸ்ட் 9இல், மூன்றே நாளில், கொய் பக்கம் டிராம் ஓடியது என்று எல்லோரும் சொல்வார்கள். ஓட்டியவர்களையும் சீட்டுக் கிழித்தவர்களையும் பற்றிச் சொல்வதில்லை. ஆண்கள் படைக்குப் போனதால் டிராம் நிறுவனமே 1943இல் பெண்கள் பள்ளி தொடங்கி, பதின்வயதுப் பெண்களை வண்டியில் ஏற்றியிருந்தது. போர் முடிந்து ஆண்கள் திரும்பினார்கள், பள்ளியை மூடிவிட்டார்கள், பெண்கள் ஊருக்குப் போனார்கள். அன்று அடிபட்டுத் தப்பிய 651, 652 எண் வண்டிகள் இன்னும் இருக்கின்றன.

ஒரு மாதம் தாண்டி செப்டம்பர் 17இல் மகுராசாகி புயல் வந்து, இந்த மாவட்டத்தில் மட்டும் இரண்டாயிரம் பேரைக் கொன்றது. குண்டுக்குத் தப்பிய பாலங்கள் வெள்ளத்தில் போயின. ஊருக்கு வரிவருமானமே இல்லை. 1949இல் ஒரு தனிச்சட்டம், அதன்மேல் ஜூலை 7இல் மக்கள் வாக்கெடுப்பு, ஆகஸ்ட் 6இல் அமல். அதன்பின் படையின் நிலங்கள் இலவசமாக நகரத்துக்கு வந்தன. நூறு மீட்டர் அமைதிப் பெருவீதி அப்படித்தான் நிறைவேறியது. நோயாளிகள் அதைவிட அதிகம் காத்திருந்தார்கள். குண்டால் பாதிக்கப்பட்டோருக்கான மருத்துவச் சட்டம் 1957இல்தான் வந்தது, பன்னிரண்டு ஆண்டு கழித்து.

பூங்காவுக்கும் வீதிக்கும் இடம் விட வெளியேற்றப்பட்டவர்கள் எங்கே போனார்கள்? ஆற்றங்கரைக்கு. கோட்டைக்குப் பக்கத்துப் படைநிலமான மொதோமாச்சியில் தற்காலிக வீடுகள், கரையோரம் நெடுகக் குடிசைகள். நிலமற்றவர்கள், குண்டில் எல்லாம் இழந்தவர்கள், கொரியர்கள். அடிக்கடி தீப்பிடித்தது. ஊரார் அதை "அணுகுண்டுச் சேரி" என்றார்கள். கட்டடக் கலைஞர் மசாதோ ஒதகா வரைந்த அடுக்குமாடிகள் 1970களில் எழுந்த பிறகே அது கலைந்தது. எட்டு முதல் இருபது மாடி வரை, மடித்த திரைபோல் வளைந்து நிற்கும் கட்டடங்கள், மாடியில் தோட்டம். இன்று நாம் தலைநிமிர்ந்து படம் எடுக்கும் கட்டடங்கள், அன்று முதல்முறையாகக் குழாயும் கதவுச் சாவியும் கிடைத்தவர்களின் வீடு.

அங்கே ஒரு நினைவுக்கல் உண்டு. இந்தப் பகுதி சீராகாமல் ஹிரோஷிமாவின் போருக்குப் பிந்தைய காலம் முடியாது என்ற பொருளில் எழுதியிருக்கிறது. வேலை முடிந்த ஆண்டு 1978. அதாவது 33 ஆண்டுகள். மாடிகளில் ஆள்கள் குடியிருக்கிறார்கள், நடைபாதையில் சத்தம் போடாமல் நடந்து, தரைத்தளக் கடைவீதி வழியாக வெளியேறினால், ஆற்றங்கரையோடு, குண்டில் சிதைந்தபடியே நிற்கும் குவிமாடக் கட்டடம் வரை கால்மணி நேர நடை.